எங்கன்னு நீங்கதான் சொல்லணும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வாத்தியார் இருந்தாராம். எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து காற்று வரும் என்று இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அந்தக் காற்றோடு சேர்ந்து ஒருநாளும் எங்கேயும் போனதில்லையாம். இருந்தாராம் என்ன இருந்தாராம், இப்போதும் இருக்கிறார். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில், சுற்றுலா ஏற்பாடு செய்து கொடுக்கிற ஆபீஸில், சுழலுகிற நாற்காலி ஒன்றில் சுழலாமல் உட்கார்ந்திருக்கிறார். கஸ்பார் சார். எதிரே மேசையில் மூன்று வழவழப்பான தாள்கள். மூன்றிலும் வெள்ளைப் பாய் விரித்த ஒரு படகு, ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. மூன்றிலும் அவர்கள் சிரிக்கிறார்கள். ஒன்று கொச்சி, ஒன்று கோவா, ஒன்று அந்தமான். பன்னிரண்டு மணிக்குள் ஒன்றைக் கைகாட்ட வேண்டும். இப்போது பதினொன்று இருபது.

"அவசரமில்ல சார், நல்லா யோசிங்க," என்றாள் ஹசீனா. மேசைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரோடு இருக்கிற பெண். அவள் அண்ணன் இவரிடம் படித்தவன் என்பதால் குரலில் மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. "ஆனா பன்னெண்டுக்கு மேல என் கையில இல்ல. பெங்களூர் பார்ட்டி ஒண்ணு அதே நாலு நாளைக்கு நிக்காங்க. பாய் இருந்தாலாவது சொல்லி நிப்பாட்டி வைக்கலாம். பாய் இல்லியே."

"பாய் இல்லையா?" அவர் திடுக்கிட்டுப் படத்தைப் பார்த்தார். இருந்தது, வெள்ளையாக, வயிறு புடைத்து.

"எங்க மொதலாளி சார். சாகுல் பாய். நாகர்கோவில் போயிருக்காங்க."

"ஓ, அந்தப் பாயா," என்று சிரித்து வைத்தார். சிரிப்பு முடிவதற்குள் கண் திரும்ப மூன்று தாள்களுக்கும் போய்விட்டது.

கொச்சி என்று வைத்துக்கொள்வோம். கொச்சியென்றால் கரை எப்போதும் கண்ணுக்குத் தெரியும், தென்னைமரம் தெரியும், சர்ச் கோபுரம் தெரியும், ஏதாவது ஒன்றென்றால் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடலாம். ஆனால் பிரகாசி கேட்டது அதுவா? இருபத்தைந்து வருஷத்தில் அவள் எதையும் இது வேண்டும் என்று கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் வாயைத் திறந்து கேட்டிருக்கிறாள், அதற்குப்போய் கரையோரமாகவே நாலு நாள் உருட்டிக்கொண்டு வந்தால், பாத்தியா இவர் இவ்வளவுதான் என்று நினைக்கமாட்டாளா? அவள் நினைப்பாள், சொல்லமாட்டாள். அதுதான் பயம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து டிவியைப் போட்டிருந்தார். ஏதோ வெளிநாட்டுக் கடலில் பாய்ப் படகுகளை ஓடவிட்டுப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பிரகாசி பின்னால் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருவத்தஞ்சாவது வருசம்லா வருது, ஒனக்கு என்ன வேணும், சேலையா வளையலா என்று டிவியைப் பார்த்தபடியே கேட்டார். கேட்கவில்லையோ என்று திரும்பப் போனார். அப்போதுதான் சொன்னாள். ஒரு பாய் இருந்தா போதும். பாயா? ஆமா, ரெண்டு பேருக்குத் தாராளமா இருக்க மாதிரி. எங்க? எங்கன்னு நீங்கதான் சொல்லணும். அதோடு விட்டாளா, இன்னொன்றும் சொன்னாள்: ஒங்களால முடிஞ்சா பாருங்க, இல்லன்னா வேண்டாம். அவர் திரும்பியபோது கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது. வெங்காயம்.

ஒங்களால முடிஞ்சா. இந்த மூன்று வாரத்தில் அவர் அந்த இரண்டு வார்த்தையை எத்தனை பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது வருகிறது, விடைத்தாள் திருத்தும்போது வருகிறது, தாடி மழிக்கும்போது கண்ணாடிக்குள்ளிருந்து வருகிறது. ஏன் முடியாது? என்ன முடியாது என்று நினைக்கிறாள்? அவள் சேரன்மகாதேவிக்காரி, வாய்க்காலில் குளித்து வளர்ந்தவள். அவர் பிறந்தது மணப்பாட்டில், அப்பா வல்லத்துக்காரர், பாய்மரம் கட்டிய வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். உங்களுக்கென்ன கடல்காரர் என்று பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்குச் சொல்வார்கள், அவரும் ஆமாம் என்று தலையாட்டிக்கொள்வார். பிரகாசிக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது வயதில் ஒரே ஒரு தடவை அப்பா வல்லத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரை மறையுமுன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. மீனுக்கு இரை போடுதியாலே என்று அப்பா சிரித்தார். அடுத்த நாள் மடித்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இவன் படிக்கட்டும் என்றார். அவ்வளவுதான் அவருக்கும் கடலுக்கும் உள்ள பேச்சு. அப்பா கடலில் சாகவில்லை. அறுபத்தெட்டு வயதில் சர்க்கரை முற்றி, கட்டிலில் போனார். யாரும் கடலில் சாகவில்லை. அப்புறம் என்ன பயம்? பயம் தண்ணீர் இல்லை, அது அவருக்கே தெரியும், தெரிந்ததால்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறார்.

"சார், இன்னொண்ணு கேக்கணும். கேப்டனோட வேணுமா, இல்ல படகு மட்டும் போதுமா? ஒங்க ஊரு மணப்பாடுன்னு எங்கண்ணன் சொன்னான். நீங்களே ஓட்டிருவீங்கள்லா?"

"கேப்டன் இருக்கட்டும்மா."

"இருந்தா அவர் ஒருத்தர் கூடவே இருப்பார் சார், பரவால்லியா?"

"இருக்கட்டும், இருக்கட்டும். நல்லாப் பேசுற ஆளா இருந்தா நல்லது."

ஹசீனா சிரித்துக்கொண்டே ஏதோ தட்டினாள். அவர் சிரிக்கவில்லை. வாய்ப்பேச்சுக்காரனாக ஒரு கேப்டன் வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் தன் மாமனார் கதை, தன் மூட்டுவலிக் கதை, திருப்பி எடுக்காத வலையின் கதை என்று எதையாவது பேசிக்கொண்டே இருக்கிற ஆளாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த முப்பத்தெட்டு அடிப் படகில் எங்கே போவது? வீட்டில் என்றால் போக இடம் இருக்கிறது. பேப்பர் எடுக்க வாசலுக்குப் போகலாம், தொட்டி நிறைந்துவிட்டதா என்று மொட்டைமாடிக்குப் போகலாம், பால் வாங்க முக்குக் கடைக்குப் போகலாம். மோட்டார் போட்டாச்சா, போட்டாச்சு. பால் வந்துட்டா, வந்துட்டு. இப்படி ஒரு நாளைக்கு எட்டுப் பத்து வார்த்தை, அதிலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. படகில் மோட்டார் கிடையாது, பால்காரன் கிடையாது, கதவு கிடையாது. காற்றும் அவளும் அவரும். முதல் நாள் அதைப் பார் இதைப் பார் என்று போய்விடும். இரண்டாவது நாள் அவள் கேட்பாள். நீங்க ஏன் ஹால்ல படுக்கீய? கோவாவில் வைத்துக் கேட்டாலும் சரி, அந்தமானில் வைத்துக் கேட்டாலும் சரி, அவரிடம் பதில் இல்லை.

பதில் ஒன்று இருந்தது, மார்ச் மாதத்தில். கர்ப்பப்பையை எடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டரம்மா சொன்னார், மூணு மாசம் அலுங்காம இருக்கணும், கட்டிலில் பக்கத்தில் யாரும் புரண்டால்கூட ஆகாது. அவர் அன்றைக்கே தன்னுடைய தடுக்கை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். தடுக்கு என்றுதான் அவர் சொல்வார். அது அம்மா பழக்கம். மணப்பாட்டில் அவர்கள் வீட்டில் பாய் என்றால் வல்லத்தில் இருப்பது ஒன்றுதான். தரையில் விரித்துப் படுப்பது பனையோலையானாலும் கோரையானாலும் தடுக்கு. யாராவது வாய்தவறி அதைப் பாய் என்றால் அம்மாவுக்கு ஆங்காரம் வந்துவிடும், பாயி தரையில கெடந்தா வீட்ல ஆம்பள இல்லன்னுலா அர்த்தம், எடுலே வார்த்தைய என்பாள். அந்தியில் கடற்கரை மேட்டில் அவரை நிறுத்திவைத்துக் கேட்பாள். பாயி தெரியுதாலே? மூணு பாயி தெரியுதும்மா. அதுல நம்ம பாயி எது? கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒட்டுப்போட்ட பழுப்புப் பாயைத் தேடிப் பிடித்து, அந்தா அது என்று கைகாட்டினால் அம்மா பெருமூச்சு விடுகிற சத்தம் தலைக்கு மேலே கேட்கும். அதைத் தப்பாகக் காட்டிவிடக் கூடாதே என்பதுதான் பயம். இப்போதும் மூன்று பாய். இப்போதும் ஒன்றைக் கைகாட்ட வேண்டும். கலியாணமான புதிதில், தடுக்கு எங்க என்று கேட்டதற்குப் பிரகாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தடுக்காம்லா, தடுக்கி விழுததுக்கா என்று. அப்போதெல்லாம் சிரிப்பாள்.

மூன்று மாதம் ஜூனில் முடிந்தது. தேதி அவருக்குத் தெரியும், காலண்டரில் யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளி வைத்திருந்தார். அன்று காலையில் தடுக்கைச் சுருட்டி, வழக்கமாகச் சாய்த்துவைக்கிற கதவுமூலையில் வைக்காமல், பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டார். அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பருவக்காற்றைக் குழப்பி, தென்மேற்கை வடகிழக்கு என்று சொல்லி, பையன்கள் சிரித்து, அவரும் சிரித்து, அப்படி ஒரு நாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது பார்க்கிறார், தடுக்கு பழைய மூலையில் நிற்கிறது. யார் இறக்கியது? அவள்தான், வேறு யார் இருக்கிறார்கள் வீட்டில்? ஏன் இறக்கினாள்? தூசி தட்டவா, இல்லை, அங்கேயே இருங்க என்று சொல்லவா? கேட்டிருக்கலாம். தடுக்க எதுக்கு எறக்குன என்று மூன்றே வார்த்தை. மோட்டார் போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்றாள். அதிலிருந்து ஏழு மாதம். ஒவ்வொரு நாளும் கேட்காமல் விட்டது முந்தின நாள் கேட்காமல் விட்டதன்மேல் ஏறி உட்கார்ந்து, இப்போது அது பீரோ உயரம் ஆகிவிட்டது. ஒருவேளை அதைப் பேசத்தான் படகு கேட்டாளோ? கதவு இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறாளோ? நாலு நாள் உட்கார்த்திவைத்து, இனிமே இப்படியே இருந்துக்கிடலாம், எனக்கும் இதுதான் நிம்மதி என்று சொல்லிவிட்டால்? ஒங்களால முடிஞ்சா. எது முடிந்தால்? அந்தமான் வேண்டாம். அந்தமானிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவர ரொம்ப தூரம். கோவா... கோவாவில் சவேரியார் இருக்கிறார், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம், அதற்கு ஒரு அரை நாள் போகும். அப்படியானால் மூன்றரை நாள்தான். மூன்றரை நாளை எப்படியும் தள்ளிவிடலாம். கோவா என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவர், தை மாதத்தில் அங்கே வடக்கத்திக் காற்று மத்தியானத்துக்கு மேல் ஏறி அடிக்குமே, வாந்தி வருமே, அவள் முன்னால் இந்த வயதில் மீனுக்கு இரை போட்டுக்கொண்டு நிற்கவேண்டுமே என்று மூடிக்கொண்டார்.

பதினொன்று ஐம்பது. படியில் செருப்புச் சத்தம். அது பிரகாசியின் செருப்பு என்று அவருக்கு முதல் அடியிலேயே தெரியும், இடது கால் கொஞ்சம் இழுக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு. பத்து மணிக்குப் போன் பண்ணியிருந்தார். பாய் விசயமா முருகன்குறிச்சிக்கு வந்திருக்கேன், ஜவுளிக்கடைக்கு மேல மாடி, ஒன் ஆதார் கார்ட எடுத்துக்கிட்டு வா, நீயும் ஒருதரம் பாத்துரு. பாய்க்கு எதுக்கு ஆதார் கார்டு என்றாள். இப்ப எல்லாத்துக்கும் கேக்காவ என்றார். சரி, வாறேன் என்றபோது அவள் குரலில் ஒரு மாதிரி அவசரம் இருந்தது, பயணப்படுகிற குரல்.

வெயிலிலிருந்து உள்ளே வந்ததால் அவளுக்கு முதலில் அவரைத் தெரியவில்லை. நல்ல சேலை கட்டியிருந்தாள், நீலத்தில் மாங்காய் போட்டது. நேரே ஹசீனாவிடம் போனாள். "பாய் இருக்கா தாயி?"

"இல்லியேம்மா. பாய் நாகர்கோவில் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க."

"பாய் எப்படி நாகர்கோவில் போவும்?"

"இங்க இருக்கேன், இங்க வா," என்று கஸ்பார் சார் பாதி எழுந்தார். "இது என் வீட்டுக்காரி."

"வாங்கம்மா, உக்காருங்க. ஒங்களுக்காகத்தான் சார் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்காங்க."

பிரகாசி உட்கார்ந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவு நேரமா தேடினீய என்கிற மாதிரி, கூச்சமும் சந்தோஷமுமாக ஒரு பார்வை. அதை அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று நினைவில் தேடப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். அதற்குள் அவள் பையைத் திறந்து, பூக்கட்டுகிற நூல் ஒன்றை எடுத்தாள். இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. மேசையில் அந்தமானுக்கு மேலே வைத்தாள்.

"அளவு எடுத்தே கொண்டாந்துட்டேன்," என்றாள் மெதுவாக.

"பரவால்லியே! எத்தன அடிம்மா பாக்கீங்க?" என்றாள் ஹசீனா.

"ஆறுக்கு அஞ்சு."

"ஆறடியாம்மா? எங்ககிட்ட இருக்கதுலயே சின்னது முப்பத்தெட்டு அடி."

"முப்பத்தெட்டு அடியா! அது கலியாண மண்டபத்துக்குலா? எங்களுக்கு எதுக்கு தாயி?"

"இல்லம்மா, அதுக்குள்ள ரெண்டு பேரு படுக்கத் தனி ரூமே இருக்கு."

"பாய்க்குள்ள ரூமா?"

கஸ்பார் சார் நூலைப் பார்த்தார். இந்த முடிச்சிலிருந்து அந்த முடிச்சுக்கு ஆறடி, அந்த முடிச்சிலிருந்து நுனிக்கு ஐந்தடி. ஆறுக்கு ஐந்து எது? வீட்டில் ஆறுக்கு ஐந்து என்னது இருக்கிறது? கட்டில் ஆறுக்கு நாலு. அவள் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தனியாக, பகலில், தரையில் முழங்கால் போட்டு நூல் பிடித்து அளக்கிற காட்சி அவருக்கு எங்கிருந்தோ வந்தது. குனியக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் மற்றது வந்தது. பாயி தெரியுதாலே? தெரியுதும்மா. அதுல நம்ம பாயி எது? இத்தனை நாளும் அவர் கைகாட்டிக்கொண்டிருந்தது வேற யாரோ ஒருத்தர் வீட்டுப் பாய். கோரைப் பாய் நெய்கிற பத்தமடைப் பக்கத்துக்காரி, பாய் என்று சொன்னால் விரித்துப் படுக்கிற பாய்தான், அவள் ஊரில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ரெண்டு பேருக்குத் தாராளமா. எங்கன்னு நீங்கதான் சொல்லணும். ஒங்களால முடிஞ்சா. அடக் கடவுளே, ஒங்களால முடிஞ்சா. காதுமடல் இரண்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. இந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், தன்னிடம் படித்தவன் தங்கை.

பிரகாசி இதற்குள் ஒரு தாளை எடுத்துக் கண்ணருகே பிடித்திருந்தாள். "இது என்னது, கப்பலு?"

"நீ... நீ கேட்டியே."

"நான் கப்பலு கேட்டேனா?"

"பாயின்னு சொன்னியே. டிவில ஓடிக்கிட்டிருந்துதே."

அவள் படத்தைப் பார்த்தாள். படகைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, வெள்ளைத் துணியில் வந்து நின்றாள். ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து, "பாயி," என்றாள், அவர் அம்மா சொல்கிற மாதிரியே. அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. "கடலுன்னா கொடலு வெளிய வார மனுசன்... எனக்காவ... நாலு நாளா?"

"நாலு நாளு," என்றார்.

"நல்ல ஆளுதான் நீங்க," என்றாள். சிரிப்பு ஓய்ந்தபிறகும் கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தது. இங்கே வெங்காயம் இல்லை.

போன் அடித்தது. ஹசீனா எடுத்து, ஒரு நிமிஷம் சார் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்தினாள். "பெங்களூர் சார். என்ன சொல்லட்டும்?"

பிரகாசி எழுந்துவிட்டாள். வெளியாள் முன்னால் இதற்குமேல் ஒரு வார்த்தை பேசுகிறவள் இல்லை அவள். "நான் கீழ நிக்கேன்," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல், படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல."

ஹசீனாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொச்சி, கோவா, அந்தமான். மூன்று வாரம் சுற்றிச் சுற்றி வந்த இடம் இப்போது ஒரு எட்டில் இருந்தது, அந்த ஒரு எட்டுக்குத்தான் கால் வரவில்லை.

"உள்ள," என்றார். இருமிவிட்டுத் திரும்பச் சொன்னார். "உள்ள ரூம்ல. சன்னலுக்குக் கீழ. கெழக்க, கொண்டல் காத்து வார பக்கம்."

செருப்புச் சத்தம் படியிறங்கியது. இடது கால் இழுக்கவில்லையோ, அல்லது அவர் காதில் விழவில்லையோ.

"அது நம்ம லிஸ்ட்ல இல்லியே சார்?" என்றாள் ஹசீனா, போனைப் பொத்தியபடி.

"பெங்களூர்க்காரங்களுக்கே குடுத்துரும்மா."

மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார். நூல் மேசையில் கிடந்தது. அதை எடுத்து, சிக்கல் விழாமல், இடது கை விரல் இரண்டிலும் சுற்றினார். முதல் முடிச்சு வந்தது, அப்புறம் இரண்டாவது. சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும்படி எழுந்து, வெயில் தெரிகிற வாசலைப் பார்த்து நடந்து, படியிறங்கிப் போனார்.